பதினைந்தாவது குழி

"ஏம்மா, ஏமாத்தினான்னு போட்டியிலேருந்து வெளியே அனுப்பின பொண்ணை, எங்க பொண்ணுங்களுக்குச் சொல்லிக்கொடுன்னு நான் எப்படிக் கூப்பிடுறது?"

பாலகுரு கேட்டுவிட்டு ஒரு வாய் டீ குடித்தார். துபாயில் அந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு அவர்தான் தலைமை. அறையில் இருந்த மூவரும் தமிழர்கள் என்று தெரிந்த பத்தாவது நிமிஷமே இன்டர்வியூவிலிருந்து இங்கிலீஷ் கழன்றுகொண்டிருந்தது.

எதிரே தாரிணி. பெண்கள் கோல்ஃப் அணிக்கு அசிஸ்டென்ட் கோச் வேலை கேட்டு வந்திருந்தாள். கல்லூரி நாளில் பேர் சொன்னால் தெரிகிற ஆட்டக்காரி. இப்போது அஜ்மானில் ஒரு பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். இதுவும் கிடைக்காவிட்டால் இனி மட்டையைத் தொடுவதில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள்.

"ஏமாத்தலே சார். நாலு வருஷம் முன்னாடி, பஹ்ரைன்ல ஃபைனல். பதினஞ்சாவது குழியில பந்தைப் போட எனக்கு ஆறு அடி ஆச்சு. கார்டுல அஞ்சுன்னு இருந்தது. கவனிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எத்தனை அடிச்சேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஜெயிச்ச சந்தோஷத்துல கார்டைச் சரியாப் பார்க்கலே."

கோல்ஃபில் அப்படி ஒரு வழக்கம். நம் கணக்கை நாம் எழுதக் கூடாது. கூட ஆடுகிறவர்தான் எழுதுவார். நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஓர் அடி குறைத்து எழுதிய கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் முதலிடமாவது மண்ணாவது, ஆட்டத்தை விட்டே வெளியே.

"அப்ப எழுதினது வேற பொண்ணு. யாரு அவ?"

"பேரு... ஞாபகம் இல்ல சார்."

பாலகுரு பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அணியின் கோச் பாஹிமா, தாரிணி வந்ததிலிருந்து ஒரு கேள்வி கேட்கவில்லை, ஃபைலை விட்டுத் தலையைத் தூக்கவும் இல்லை. பெண்ணைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்.

"பேரைச் சொல்லும்மா. அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போடுறேன். 'ஆமா சார், நான்தான் தப்பா எழுதினேன்'னு அவ சொல்லிட்டா கலாஸ், விஷயம் முடிஞ்சுது, வேலை உனக்கு."

"வேணாம் சார். எழுதினவங்களுக்கு அது கைத்தவறல். பார்த்திருக்க வேண்டியது நான்தான்."

"பிழைக்கத் தெரியாத பொண்ணா இருக்கியே! அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அவர் பேனாவை மூடினார். அவருக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. தாரிணி சர்டிபிகேட்டுகளை எடுத்து அடுக்கினாள். அழக் கூடாது என்று வந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்தாள்.

"உட்காரு தாரிணி."

பாஹிமா ஃபைலை மூடிவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"சார், வெளியே போக வேண்டியது இவ இல்ல. தெரியாமத்தான் அஞ்சுன்னு எழுதினேன். ஆனா தெரிஞ்ச பிறகும், தப்பு என்னோடதுன்னு நான் வாயைத் திறக்கலே. இவளை வெளியே அனுப்பிட்டு, ரெண்டாவதா வந்த எனக்குக் கப்பைக் கொடுத்தாங்க, நானும் கை நீட்டி வாங்கிக்கிட்டேன்."