இருபது நிமிஷம்

“வண்டிக்குக் காத்து குறைஞ்சா விளக்கு எரியும். மனுஷனுக்கு…”

அப்பா எப்போதோ சொன்னது. மனுஷனுக்கு என்ன ஆகும் என்பது மகனுக்கு நினைவில்லை. அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த ஞாயிறும் அப்பாவின் எலெக்ட்ரிக் காரில் டயர் விளக்கு எரிந்தது. மகன் தன் வீட்டிலிருந்து கிளம்பி வந்தான்.

“நாலாவது வாரம்ப்பா! காத்தடிச்சுட்டு, ஸ்கிரீன்ல ரீசெட்டைத் தட்டணும், அவ்ளோதான். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவருக்கு ஒரு பட்டன் தட்டத் தெரியாதா?”

“லிஃப்ட்ல அமுக்கினா அமுங்கும்டா. இது என்னமோ கண்ணாடியத் துடைக்கிற மாதிரி இருக்கு.”

மகன் பின் டயருக்குக் காற்றடித்தான். வால்வு மூடியைத் தேடினான். காணோம்.

“பேசாம வண்டிய வித்துடலாம்ப்பா. இதுகூடப் பிடிபடலைன்னா ரோட்டுல தனியா எப்படி ஓட்டுவீங்க?”

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது.

“உன் இஷ்டம்பா. ஆனா ரீசெட் பண்ணினப்புறம் இருபது நிமிஷம் நிக்காம ஓட்டினாத்தான் சென்சாருக்குப் புத்தி வரும்னு சொன்னியே? இரு, மூக்குக்கண்ணாடிய எடுத்துட்டு வந்துடறேன்.”

அவர் உள்ளே போனதும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கேட்டருகே வந்தார்.

“ஐயா இல்லையா? ஒரு தேங்க்ஸ் சொல்லணும். நேத்து என் கார்லயும் இதே விளக்கு. ஸ்கிரீன்ல ரெண்டே தட்டு தட்டினார், அணைஞ்சுபோச்சு. இந்தத் தெருவுக்கே அவர்தான் மெக்கானிக்!”

மகன் குனிந்து, மூடியில்லாத வால்வைப் பார்த்தான்.

திரும்பி வந்த அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். கூடவே வால்வு மூடி கீழே விழுந்து உருண்டது. சட்டென்று செருப்புக் காலால் மிதித்துக்கொண்டார்.

மகன் பார்க்காதவன்போல் வண்டியில் ஏறினான்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“போன் அடிக்குதே?”

“வண்டி ஓட்டுறப்ப எடுக்க மாட்டேன்ப்பா.”

“தெரியும்” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு எதிர் வீட்டு நாய், தன் முட்டிவலி, அம்மா வரைந்து பாதியில் விட்ட படம் என்று மூச்சுவிடாமல் பேசினார். திடீரென்று குரல் தணிந்தது.

“வண்டிய எப்போ விக்கிறோம்?”

“விக்கலைப்பா. அது இருக்கட்டும், மனுஷனுக்குக் காத்து குறைஞ்சா என்ன ஆகும்னு சொன்னீங்க?”

இருபது நிமிஷம் முடிந்தது. வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது.

மகன் நேராக ஓட்டினான்.