மஞ்சள் மாத்திரை

அடுப்படியிலிருக்கும் பேசும் மருந்துப் பெட்டிதான் தினமும் காலையில் எஸ்தருக்குத் தைராய்டு மாத்திரை செய்து தரும். இரண்டு வருடமாக அவள் உடம்பெல்லாம் தடிப்பு. எல்லாம் மனப்பிரமை என்று கணவர் தேவசகாயம் அடித்துச் சொல்லிவிட்டதால், முழுக்கை ரவிக்கைக்கு மாறியிருந்தாள்.

இன்று பெட்டியிடம் அவளே கேட்டுவிட்டாள். "இந்த மாத்திரைல எனக்குச் சேராதது எதாவது இருக்கா?"

"மஞ்சள் சாயம் சேரவில்லை. மருந்துக்கு அது தேவையுமில்லை. தன் பிரஷர் மாத்திரையோடு மாறிவிடக் கூடாதென்று தேவசகாயம் சேர்க்கச் சொன்னது. நீக்க அவர் குரலில் 'சரி' வேண்டும்."

பக்கத்தில் நின்ற தேவசகாயத்துக்கே அது மறந்துபோயிருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எஸ்தர் ரவிக்கைக் கையை மெதுவாக மேலே மடித்தாள். "சொல்லுங்க."

தேவசகாயம் வாயைத் திறந்தார்.

"குரல் கேட்கவில்லை," என்றது பெட்டி.