பதினேழாம் எண்

தீவின் துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில், எங்கள் காப்பகத்து முன்னறையில் நான்கு பேர் இருக்கிறோம். ஜன்னலோர மேசையில் காகிதத்தோடு நான், எதிரே ஷீலா, கதவருகே நாற்காலியில் வார்டன் உமா மகேஸ்வரி, வாசற்படியில் டிரைவர் சண்முகம் அண்ணன். படிக்க வைப்பதாகச் சொல்லி ஷீலாவை வடக்கே திக்லிபூரிலிருந்து அழைத்துப்போனவன், ஹேவ்லாக் தீவில் ஒரு சமையற்கட்டு வேலைக்கு விற்றுவிட்டான். மீட்டு இரண்டு மாதமாகிறது. பழைய பள்ளியின் டிசி பத்து நாளில் வந்தால்தான் இங்குள்ள பள்ளியில் சேர்க்கை. அந்தத் தலைமையாசிரியருக்கு எழுதுகிறேன்.

"எந்த வருஷம் ஸ்கூலவிட்டு நின்ன?" என்கிறேன். அவளுக்குத் தெரியவில்லை. மேசையில் விழும் வெயிலை விரலால் தடவுகிறாள். "ரோல் நம்பர் பதினேழு மேடம். பதினஞ்சு ராஜகுமாரி, பதினாறு ரவிக்குமார், எனக்கப்புறம் விசாலாட்சி. ரவிக்குமார் தூங்குமூஞ்சி. சார் அவனை ரெண்டு தரம் கூப்பிடுவாரு, அப்புறம்தான் நான் எந்திரிப்பேன்." அந்தச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் இந்த வரிசையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாளாம். சொல்லும்போது சிரிக்கிறாள், பிறகு குரல் இறங்குகிறது. "ரிஜிஸ்டர்ல என் பேரை அடிச்சிருப்பாங்களா?"

"சிவப்பு மையில ஒரு கோடு போட்டிருப்பாங்க. அடியில பேரு தெரியும்டி," என்கிறார் வார்டன்.

"ஜல்தி மேடம். ஜஹாஜ் எனக்காக நிக்காது," என்கிறார் சண்முகம் அண்ணன்.

வருடத்துக்கான இடத்தில், பழைய ரிஜிஸ்டரில் தேடிப் பிடிக்க வசதியாக, நான்கு பெயர்களையும் எண்ணோடு, வரிசை மாறாமல் எழுதுகிறேன். உறையை ஷீலாவே ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்துகிறாள். கப்பலில் திக்லிபூர் போகும் ஆளிடம் சேர்க்க, சண்முகம் அண்ணன் அதைச் சட்டைக்குள் வைத்து ஸ்கூட்டரை உதைக்கிறார். "ஹெட்மாஸ்டர் கையிலயே குடுக்கச் சொல்லுங்கண்ணே," என்று அவள் கேட் வரை ஓடுகிறாள்.