நாக்குக்கு அடியில்

டோக்கன்கூட வாங்காமல் டாக்டர் மாரீஸ்வரியின் அறைக்குள் நுழைந்தாள் ஆபிதா.

"டாக்டரம்மா, எங்க வாப்பாவும் கர்துல்லாவா?"

பிரவுன் சுகர் போதையில் விழுந்தவர்களுக்குத் தாராவியில் அதுதான் பெயர். ஆபிதாவின் கணவன் உதுமானுக்கு அந்தப் பெயர் போன வருஷமே வந்துவிட்டது. வைத்தியத்துக்கு இங்கே இழுத்து வந்ததே அவள்தான்.

ஆனால் வாப்பா ஜமால்? உதுமான் பை தைக்கிற தோல் பட்டறையின் முதலாளி. பள்ளிவாசலில் முன் வரிசைக்காரர். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை.

"யாரும்மா சொன்னா?"

"பக்கத்து வீட்டு ராபியா சொன்னா. நான் நம்பல. இப்ப நானே பாத்துட்டேன். ரம்ஜான் மாசம், பட்டப்பகல்ல, மாமனும் மருமவனும் வெளிய ஒரே பெஞ்சுல இருக்காவ. நர்ஸ் ஆளுக்கொரு கப்பு குடுக்காங்க. ரெண்டு பேரும் வாயில கவுத்துட்டு உம்முன்னு இருக்காவ!"

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அது. கரைகிறவரை பேசக் கூடாது, விழுங்கவும் கூடாது.

"வாப்பான்னு கூப்பிட்டேன். தலையக் குனிஞ்சிக்கிட்டாவ. மாப்பிள்ளைய நான் ஏசும்போதெல்லாம், 'சீக்காளிம்மா, விடு'ன்னு தடுப்பாவ. ஏன்னு இப்பல்லா புரியுது!"

அழுகை வந்துவிட்டது. டாக்டர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். நோன்பு ஞாபகம் வந்து, அசடு வழிய இழுத்துக்கொண்டார்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்காவ. ராத்திரி தூங்குதாவ. பிள்ளையத் தூக்கி வச்சுக்கிடுதாவ." குரல் இளகியது. "மொதல்ல முழுங்குத மாத்திர குடுத்தீங்க. கேக்கல. அதவிட இதுதானே நல்ல மருந்து?"

"அது நடுக்கத்தையும் வேர்வையையும் அடக்கும். மனசு கிடந்து தவிக்கிறதை அடக்கல, அவர் ஓடிட்டார். இது அதையும் அடக்கும். அவருக்கு இதுதான் தோது. ஆனா இதுலயும் ஓடினாரே, தெரியுமா?"

"ஓடுனாவளா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"தினமும் இங்க வந்து, எங்க கண் முன்னாடி வைக்கணும். அந்த பெஞ்சுல உக்கார அவருக்கு வெட்கம். போறவன் வர்றவன்லாம் 'கர்துல்லா'ன்னு சிரிக்கிறான். அதோட வர்றதை நிறுத்திட்டார். எந்த மருந்து நல்ல மருந்தா இருந்தா என்ன, ஆளு வரலைன்னா?"

"பெறகு?"

"உங்க வாப்பா வந்தார். எனக்கும் ஒரு கப் குடுங்கன்னு பக்கத்துல உக்காந்தார். ஜமால் பாய் இருக்கிற பெஞ்சைப் பாத்து சிரிக்க இந்தச் சந்துல எவனுக்குத் தைரியம்? 'மாமாவே வாறாவ, எனக்கென்ன வெக்கம்'னு அன்னையிலருந்து உங்க வீட்டுக்காரர் ஒரு நாள் தவறல."

ஆபிதாவுக்கு ஆறவில்லை.

"சரி டாக்டரம்மா. சீக்காளிக்கு நோன்பு கடமையில்ல, பெறகு வச்சுக்கிடலாம். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? நேத்து என் கையாலதான் கஞ்சி வாங்கி நோன்பு தொறந்தாவ. பகல் முழுக்க பச்சத்தண்ணி படாத மாதிரி! பெத்த மவள ஏமாத்தலாமா?"

ஜன்னலுக்கு வெளியே ஜமால் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எழப் பார்த்த மருமகனைத் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

ஆபிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதையாவது சொல்லுங்க. ரெண்டு மருந்துல வாப்பாக்கு எது குடுக்கீங்க?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஜமால் முதல் நாளே கேட்டிருந்தார்.

"உங்க வாப்பாவோட நோன்பு முறியலம்மா. அவர் கப்புல நாங்க எதுவுமே போடுறதில்ல."