இன்னும் பெரிதாக

நான்காவது முறையாகப் படங்கள் திரும்பி வந்திருந்தன.

கவரைப் பிரித்த ஓவியருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. படத்துக்குப் படம் சிவப்புப் பென்சில். 'இன்னும் பெரிதாக.' 'நிறம் போதாது.' 'தாடை வரைக்கும் வர வேண்டும்.'

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"கன்னத்துல பிறவி மச்சம் இருக்கிற ஒரு சின்னப் பொண்ணு, அதை மறைக்காம ஸ்கூலுக்குப் போறா. அதான் கதை. குழந்தைங்க பயந்துடக் கூடாதேன்னு ஒரு காசு அளவுக்கு அழகா போட்டேன். பெருசாக்கு, கறுப்பாக்குன்னு உயிரை வாங்குறாங்க அந்த எடிட்டர் அம்மா."

"ஐயோ பாவம்! குழந்தை முகத்தைப் போயா? மனசே இல்லையா அவங்களுக்கு?"

"இன்னைக்கு நேர்ல போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

பதிப்பகம் மூன்றாவது மாடியில். மூச்சு வாங்க ஏறியவர், படங்களை எடிட்டரின் மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

"மேடம், இது பச்சைக் குழந்தைங்க பார்க்கிற புத்தகம். இந்தப் பொண்ணை இவ்வளவு கோரமாக்கணுமா? என்னால முடியாது. வேற ஆளைப் பார்த்துக்குங்க!"

எடிட்டர் சட்டென்று எழுந்து உள்ளறைக் கதவைப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் மெதுவா. அந்த வார்த்தை உள்ள கேட்டுடப் போகுது."

"யாருக்கு?"

"கதை எழுதினவங்களுக்கு. திருத்தமெல்லாம் அவங்க போட்டதுதான். நான் ஒரு கோடுகூடக் கிழிக்கல."

"அப்போ அவங்களையே கூப்பிடுங்க. கேட்டுடறேன்."

கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. கதவு திறந்தது.

ஒன்பது வயது இருக்கும். பள்ளிச் சீருடை. ஒரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, மறு கையில் சிவப்புப் பென்சில். இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி, கன்னம் முழுக்கப் படர்ந்து, தாடையில் போய் முடிந்தது அந்தக் கருத்த மச்சம்.

"அம்மா, படம் போடற மாமா இவர்தானா?"

எடிட்டர் தலையசைத்தார். ஓவியரின் கண்கள் தாமாகவே தரைக்குப் போயின.

"பார்த்தீங்களா, நீங்களும் குனிஞ்சுட்டீங்க" என்று சிரித்தாள் அவள். "எல்லாரும் இப்படித்தான் மாமா. அப்புறம் எப்படிச் சரியா போட வரும்?"

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் விழும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓவியர் பென்சிலை எடுத்தார். இந்த முறை நிமிர்ந்து, நிதானமாகப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கம்மா. கதையில வர்ற பொண்ணு அழகா இருக்கட்டுமேன்னுதான் சின்னதா..."

"படமெல்லாம் சூப்பர் மாமா. ஆனா சின்னதாக்கிட்டா அது வேற யாரோ ஒரு பொண்ணு. நான் இல்லையே!"