ஸ்டிக்கர் சொன்ன நிறம்

தாய்லாந்தில், எங்கள் கோராட் ஊரில் ஜோசியர் காரின் நிறத்தை மாற்றச் சொன்னால் பெயிண்ட் அடிக்க மாட்டோம். ‘இந்தக் கார் பச்சை’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். கிரகங்களுக்கு அது போதும். பிரசெர்ட்டின் கறுப்புக் காரும் வருடக்கணக்கில் அப்படித்தான் பச்சையாக ஓடியது.

அவன் மாமியாருக்கு மட்டும் அது போதவில்லை.

“புத்தாண்டுக்கு நிஜப் பச்சையில போகலைன்னா, அம்மா உன்னை வாசல்லயே வெச்சுக் கிழிச்சிடுவாங்க,” என்றாள் மனைவி புப்பா.

தேய்த்துக் கொண்டுவந்தால் மலிவாக அடித்துத் தருவதாகப் பட்டறையில் சொன்னார்கள். பிரசெர்ட் உப்புத்தாளால் கறுப்பைத் தேய்த்தான். பச்சைத் தூள் கொட்டியது.

“அடியில பழைய பெயிண்டா இருக்கும்,” என்றாள் புப்பா.

“புதுசா வாங்கின காருடீ!”

மணிக்கட்டு வரை அவன் கைகள் பச்சையாகிவிட்டன. சோப்பு, தின்னர் எதற்கும் போகவில்லை. பட்டறையில் காருக்குப் பச்சை அடித்தார்கள்.

புத்தாண்டன்று மாமியார் காரைச் சுற்றிப் பார்த்தார். குறையே சொல்லவில்லை. பிரசெர்ட் நிம்மதியாக, வழக்கப்படி அவர் உள்ளங்கைகளில் வாசனை நீர் ஊற்றினான். தெளிந்த நீர்தான் விழுந்தது; அவர் உள்ளங்கைகள் பச்சையாயின.

மாமியார் கண்களை மூடியபடியே அந்தக் கைகளால் முகம் முழுக்கத் தடவிக்கொண்டு, “நல்லா இரு மாப்ளே,” என்று வாழ்த்தினார்.

புப்பா மெல்ல எழுந்துபோய், கூடத்துக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.