பன்னிரண்டு வருடத்துக்கு எத்தனை திறமை?

ஜோவிதா முதலில் சிரித்தாரா, பேனாவை எடுத்தாரா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. சூலூரில் மிதுன் வீட்டில், பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுக்குப் பாத்திரங்களை உருவாக்கிக்கொண்டிருந்தோம்.

“இருபதுல கப்பலேறுனா. எட்டு வருசம் மாலுமி, அப்புறம் பன்னெண்டு வருசம் ஊட்டுல. இப்ப நாப்பது,” என்று தன் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னார் ஜோவிதா.

“நாலு வருச வேலைக்கு ஒரு திறமைங்க்கா. ஊட்டுல சும்மா இருந்ததுக்குக் கெடையாதுங்க,” என்றான் மிதுன்.

“அதுக்கும் மூணு எழுது கண்ணு.”

“விதிப் புத்தகத்துல அப்படித்தானுங்க போட்டிருக்குது!”

ஜோவிதா புத்தகத்தை வாங்கி அந்த விதியைப் பேனாவால் அடித்தார்.

“ஐயோ, எழுதுனவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?”

“எழுதுறப்ப அவளுக்குக் கல்யாணமே ஆகுல.”

மிதுன் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தவர் ஜோவிதா கிளமென்ட். அட்டையில் இருந்தது ஜோவிதா பிரகாசம்.

இரண்டாம் பதிப்பில் அந்த விதி இல்லை. ஆனாலும் ஜோவிதா அடித்துக் கொடுத்த பழைய பிரதியை வைத்தே மிதுன் ஆட்டம் நடத்துகிறான். ஜோவிதாவின் மாலுமி இப்போது கப்பல் தலைவி.